உறை மாறியது

கோட்கா துறைமுகம். மைனஸ் பதினெட்டு.
பழஞ்சந்தைக் கூடத்தின் இரும்புக் கதவு
ஒன்பதுக்குத்தான் திறக்கும்.
ஏழரைக்கே நாங்கள் நான்கு பேர்,
ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்.

எங்கள் விரல்களுக்கு ஒரு நோய்.
பெட்டியில் நிற்கும் தட்டுகளை
ஒவ்வொன்றாய் முன்சாய்த்து முன்சாய்த்து,
வீட்டில் மின்கட்டண ரசீதுகளையும்
அப்படியே சாய்க்கிறோம்.

நான் தேடியது மூவர் வாசித்த ஜாஸ்.
அறுபத்தேழில்
ஒரு தீயணைப்பு நிலையத்தின் மாடியில் பதிவு.
முந்நூறு பிரதி. அப்புறம் கம்பெனியே இல்லை.

மறுபதிப்பு என்னிடம் உண்டு.
நூற்றெண்பது கிராம். கெட்டி அட்டை.
மூல நாடாவிலிருந்தே வெட்டியது என்று
உறைமேல் பொன்னெழுத்துச் சத்தியம்.
முள் இறங்கினால் இரைச்சல் இல்லை, பொரிதல் இல்லை,
பாஸ் நரம்பில் விரல் வழுக்குவதுகூடக் கேட்கும்.
குறை சொல்ல இடமே இல்லை.
அதுதான் குறை என்றான் இல்போ.

ஏனென்றால் முதல் அச்சில்,
இரண்டாம் பக்கம், மூன்றாம் உருப்படியில்,
பியானோ ஓய்ந்து பாஸ் தனியே நடக்கும்போது,
வெந்நீர்க் குழாய் ஒன்று சுவருக்குள்
டங் என்று தட்டும்.
பாஸ்காரர் ஒரு நொடி நின்று,
குழாய்க்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடர்வார்.
எண்பத்தெட்டில் யார் வீட்டிலோ ஒருமுறை கேட்டது.
மறுபதிப்பில் குழாயைத் துடைத்துவிட்டார்கள்.
பதில் மட்டும் இருக்கிறது,
யாரும் கேட்காத கேள்விக்கு.

கதவு திறந்தது.
அக்கார்டியன் நடனங்கள், கிறிஸ்துமஸ் பாடகர் குழு,
ராணுவ பேண்டு, மறுபடி அக்கார்டியன்,
அதற்கடுத்து
அந்த நீலம்.
மூலையை எலியோ காலமோ கடித்திருந்தது.
பின்னட்டையில் பால்பாயிண்டில் ஒரு பெயர்: சைமி.

உருவிப் பார்த்திருக்க வேண்டும்.
வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் எண்ணி,
இசை முடிந்த வெற்று வளையத்தில்
கையால் கீறிய எண்ணைப் படித்து.
அரிச்சுவடி அது.
ஆனால் முதுகுக்குப் பின்னால் மூன்று ஜோடிக் கண்கள்.
தட்டை வெளியே எடுத்தால்
என் கை நடுக்கம் விலையில் ஏறிவிடும்.
சலிப்பாக முகத்தை வைத்துக்கொண்டு
இரண்டு கிறிஸ்துமஸ் குழுக்களையும் சேர்த்து நீட்டினேன்.
ஹன்னெலெ பின்னலிலிருந்து தலை நிமிராமல்
"மூணும் பன்னிரண்டு யூரோ" என்றாள்.

லாஹ்தி வரை நூற்றுப் பத்து கிலோமீட்டர்,
பக்கத்து இருக்கையில் சீட் பெல்ட் போட்டு.

உருவியதுமே லேபிளின் நிறம் சொல்லிவிட்டது.
ஆனாலும் கழுவினேன், துடைத்தேன்,
முள்ளை இறக்கினேன்.
"இடது கை மேலே" என்றது ஒரு பெண்குரல்.
"மூச்சை இழுங்கள். ஒன்று... இரண்டு..."
பின்னால் ஒரு பியானோ
உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து.
சமையலறையில் ஐலா இடது கையைத் தூக்கினாள்,
கரண்டியோடு.

என்றோ ஓர் இரவு சைமி வீட்டில்
இரண்டு தட்டுகள் மேசைமேல் கிடந்திருக்கும்.
குடித்திருக்கலாம். யாராவது வந்திருக்கலாம்.
கைகள் அவசரமாய் வேறெதையோ தேடியிருக்கலாம்.
உறை மாறி உறங்கிப்போயின இரண்டும்.

"அப்படியானால்" என்றான் இல்போ தொலைபேசியில்,
நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு,
"அந்தக் குழாய் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறது,
ஏதோ ஒரு தேகப்பயிற்சி உறைக்குள்."

இப்போது நான் மண்டியிடுவது
யாரும் தொடாத தரை வரிசையில்.
இடுப்பு மெலிய. முதுகுக்குப் பத்து நிமிடம்.
காலை வணக்கம், மூட்டுகளே.
எல்லாம் ஒரு யூரோ.
ஒவ்வொன்றாய் உருவிப் பார்த்து,
ஒவ்வொன்றாய் உள்ளே தள்ளி.

போன சனிக்கிழமை, அந்த மூவரில் ஒருவர்,
தடித்த கண்ணாடிக்காரர்,
எனக்கு முன்பே அங்கே மண்டியிட்டிருந்தார்.
என்ன தேடுகிறார் என்று அவருக்கே தெரியாது.
நான் தேடுவதைத் தேடுகிறார்.
"நாலு யூரோ" என்றாள் ஹன்னெலெ.
"இப்போ இதுக்குத்தான் கிராக்கி."
சலிப்பாக முகத்தை வைத்துக்கொண்டு
அவர் ஐந்தை அள்ளினார்.
ஒன்றையும் உருவிப் பார்க்கவில்லை.